ஊத வைக்கிறவர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் டென்ஷன் இல்லாத ஒரே மனிதர் ஏ.எஸ்.ஐ. விஜயதாஸ்.

இந்தத் தகவலை வெளியிட்டவரும் அவர்தான்.

“டென்ஷன் எனக்கு வராது மேடம். நான் அத மத்தவனுக்குக் குடுக்கிற ஆளாக்கும்.”

காவலர்களின் மனநலத்தைக் கவனிக்கத் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த கவுன்சிலர் பிரசீதா புன்னகைத்தார். அந்தப் புன்னகையும் பாடத்திட்டத்தில் இருந்திருக்கலாம்.

ஸ்டேஷன் மாடியில் நடந்த அந்த வகுப்பு எல்லோருக்கும் என்று நோட்டீஸ் போர்டு சொன்னது. உண்மையில் அது ஒருவருக்கு மட்டும்.

விஜயதாஸ் தூங்கி இரண்டு வாரமாகிறது என்று அவர் மனைவி சுகுமாரி இன்ஸ்பெக்டரை போனில் கூப்பிட்டு அழுதிருந்தார். ராத்திரி முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாராம். டாக்டர் வேண்டாமாம். பேச்சும் வேண்டாமாம். இப்படியே போனால் ஆளே இருக்க மாட்டார் என்று சுகுமாரி சொன்னாராம்.

தனியாக உட்கார வைத்தால் எழுந்து போய்விடுவார் என்று இன்ஸ்பெக்டர் மொத்த ஸ்டேஷனையும் கூடவே உட்கார வைத்துவிட்டார்.

இது விஜயதாஸைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பிரசீதா ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக ஊத வேண்டும். மூச்சு நீளமாக வெளியே போனால் நெஞ்சு இளகும், தூக்கம் வரும்.

சட்டமும் ஒழுங்கும் பலூன் ஊதத் தொடங்கின.

விஜயதாஸ் தன் பச்சை பலூனை நாற்காலிக் கையில் வைத்தார்.

“இஞ்சிவிளை செக்போஸ்ட்ல வண்டிய மறிச்சு, ஊதுலே ஊதுலேன்னு நாட்டையே ஊத வச்சவன் நான். எனக்கே பலூனா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஜோக்குக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

அவருடன் ஜீப்பில் ரோந்து போகும் ஆர்யா மட்டும் சிரிக்கவில்லை.

விஜயதாஸ் சோமன் பக்கம் திரும்பினார். “எலே சோமா, ஒனக்கு நல்லா வருது பாத்தியா. அம்பலத்து உற்சவத்துக்குக் கடை போடு.”

ரோஸ் பலூனோடு போராடிக்கொண்டிருந்த சோமன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அது வெடித்தது. எல்லாக் கைகளும் இடுப்புக்குப் போயின. இடுப்பில் பெல்ட் மட்டும்தான் இருந்தது.

கீழே, வேலித் தகராறுக்குப் புகார் கொடுக்க வந்து காத்திருந்த அண்ணனும் தம்பியும் அந்த நிமிடமே சமாதானமாகி வீட்டுக்குப் போனார்கள்.

பிரசீதா விஜயதாஸின் பக்கத்தில் வந்து நின்றார். ஒரே ஒரு தடவை ஊதினால் போதும் என்றார்.

விஜயதாஸ் பலூனைப் பார்த்தார். அடுத்த ஜோக்குக்காக எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

“ஊதினா எழும்பும்னு உறுதி உண்டா மேடம்?”

யாரும் சிரிக்கவில்லை.

பிரசீதாவுக்குக் கேள்வி பலூனைப் பற்றியது. “நல்ல பலூன்தான் சார்” என்றார்.

சோமன் ரப்பர் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

ஆர்யா தரையைப் பார்த்தபடி சொன்னார். “நீங்க ஊதினத நிறுத்தல்ல சாரே. ஆம்புலன்ஸ்காரங்க வந்து பிடிச்சு விலக்கின பெறவாக்கும் நிறுத்தினது.”

இரண்டு வாரத்துக்கு முன் கால்வாயிலிருந்து தூக்கிக் கரையில் கிடத்திய, பிழைக்காமல் போன அந்த நாலு வயதுப் பிள்ளையைப் பற்றி ஸ்டேஷனில் ஒருவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

விஜயதாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

பிறகு பச்சை பலூனை எடுத்து, உள்ளங்கையில் கிடத்தி, உதட்டில் வைத்தார்.

பலூனுக்கு அவ்வளவு மெதுவாக யாரும் ஊதுவதில்லை.

கொஞ்சம் ஊதினார். விரலால் பிடித்துக்கொண்டு, எழும்புகிறதா என்று பார்த்தார். மறுபடி கொஞ்சம் ஊதினார். மறுபடி பார்த்தார்.

எழும்பியது.