பெட்டி சொன்ன பொய்

“பொய் சொல்லுச்சுன்னா அது பழுதுதாங்க்கா. மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லத்தானே இந்தப் பெட்டி,” என்றபடி மெக்கானிக் திருப்புளியை எடுத்தான்.

பேச்சு வராத ஒன்பது வயது மிதுனாவின் சக்கர நாற்காலியில் பொருத்திய பெட்டி அது. ஆறு மாதமாக அவள் நினைத்ததையெல்லாம் உரக்கச் சொல்லிவந்தது. பெரியத்தையின் பட்டுப்புடவை சோபா உறை மாதிரி இருப்பதாகக் கல்யாணப் பந்தியில் சொன்னதிலிருந்து, பெரியத்தை இந்த வீட்டுப்பக்கம் வருவதில்லை. நேற்று ஜாங்கிரி டப்பா காலியாகக் கிடந்தபோது, “அப்பாதான் தின்னாரு” என்றது.

“அவர் ஊர்லயே இல்ல. இவ மோவாயெல்லாம் பாகு,” என்றாள் அம்மா சுகந்தி.

“பார்த்தீங்களா? பத்தே நிமிஷம், அந்தப் பொய்யை எடுத்துடறேன்.”

மிதுனா மின்விசிறியை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவள்போல வெறித்துக்கொண்டிருந்தாள்.

சுகந்தி அவளையே பார்த்தாள். “பெட்டி சரியாத்தான் இருக்கு தம்பி. நேத்து மத்தியானம் பூரா பெட்டி இல்லாம கட்டில்ல கண்ணை மூடிப் படுத்துக்கிட்டு, அப்பா தின்னாரு, அப்பா தின்னாருன்னு மனசுக்குள்ளயே நினைச்சுப் பழகியிருக்கா. நான் தூங்குறான்னு நினைச்சேன். பொறந்ததுலேர்ந்து எல்லாரும் இவளைத் தெய்வக் குழந்தைன்னே சொல்லிட்டிருந்தாங்க. இப்பதான் ஒரு திருட்டுத்தனம் கத்துக்கிட்டிருக்கா. அதுல கை வைக்காம போயிடறீங்களா, ப்ளீஸ்?”