ஏறி இறங்கும் கத்தி

அவள் டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

படையல் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு, இலையும் எடுத்தாகிவிட்டது. முதல் வருஷத் தெவசத்துக்கு வந்த சொந்தங்களில் ஒருவரும் கிளம்பவில்லை. படம் பார்த்துவிட்டுத்தான் போவார்களாம்.

அவள் கணவர் தணிகாசலம் நடித்த ஒரே படம்.

நடித்தது என்றால், பிணமாக.

கறுப்பு வெள்ளைக் கொலைப்படம். கிறுக்குப் படம் என்றால் அப்படியொரு கிறுக்கு. துப்பறிகிறவர் நடுராத்திரியில், வீட்டுக்குள்ளேகூட, கூலிங் கிளாஸைக் கழற்றமாட்டார். மாறுவேஷம் என்பது கன்னத்தில் ஒரு மரு. அதுவும் காட்சிக்குக் காட்சி கன்னம் மாறும். கொலையைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒரு கிளி. முதல் ரீலிலிருந்தே அது கொலைகாரன் பேரைக் கத்திக்கொண்டிருக்கும். ஒருத்தரும் காதில் வாங்கமாட்டார்கள்.

எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அலுக்காது.

அவருக்கோ அந்தப் படத்தின் பேரைக் கேட்டாலே வேர்த்துவிடும்.

லைட்மேனாகப் போனவர். பிணமாகப் படுக்க வேண்டிய ஆள் வராததால், இவரைப் படுக்க வைத்து மார்பில் கத்தியைச் செருகிவிட்டார்கள். மத்தியானக் கம்பெனிச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்திருந்த நேரம்.

‘உயிர் போய் வெகு நேரம் ஆகிறது’ என்று துப்பறிகிறவர் அறிவிப்பார்.

கத்தி மெதுவாக ஏறும். இறங்கும்.

ஃபிலிம் விற்ற விலைக்குப் பயந்து மறுபடி எடுக்கவில்லை.

அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மூச்சு விடும் பிணம் வந்துவிட்டது என்றுதான் வரவேற்பு. மூச்சு இல்லை, கேமராதான் ஆடியது என்று கடைசிவரை சாதித்தார். டிவியில் அந்தக் காட்சி வந்தால் போதும், எழுந்து திரையை மறைத்து நின்றுகொண்டு வேட்டியை உதறிக் கட்டுவார்.

அவர் போனபின் ஞாயிறுதோறும் அவள் அதைப் போட்டுப் பார்க்கிறாள். அம்மாவுக்கு அந்தக் கிளி மேல்தான் பைத்தியம் என்று மகன் பூபதி நினைத்திருந்தான்.

அவனுக்குச் சாலிகிராமத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங். அப்பாவின் மானத்தை இன்றைக்காவது காப்பாற்றிவிடுவது என்று, ஒரு வாரமாகக் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தான்.

காட்சி வந்தது.

தணிகாசலத்தின் தம்பி பலராமன் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு சிரிக்கத் தயாரானார்.

‘உயிர் போய் வெகு நேரம் ஆகிறது.’

கத்தி அசையவில்லை.

பூபதி அதை அப்படியே நிறுத்தியிருந்தான். இனி யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம் என்று பெருமையாகத் திரும்பினான்.

யாரும் சிரிக்கவில்லை. பலராமன் வெற்றிலையை மெல்லவும் இல்லை.

திரையில் மனிதர் கல் மாதிரிக் கிடந்தார்.

அவள் எழுந்து திரையருகே போனாள். கத்தியையே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். காக்கைக்குச் சோறு வைத்தபோதுகூட அழாதவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பழசையே போடுடா.”

“எல்லாரும் சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். நீ போடு.”

போட்டான்.

கத்தி ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது.

“பாருங்க அண்ணி, பொணம் மூச்சு விடுது,” என்றார் பலராமன்.

“ஆமா தம்பி,” என்றாள் அவள். “நல்லாவே விடறாரு.”

காட்சி முடிந்தது. கிளி வந்து கத்த ஆரம்பித்தது.

அவள் பூபதியின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள்.