கண் வைத்த கோப்பைகள்

"அதுவும் போயிடுச்சு டாக்டர். நேத்தே அவர் வந்து எடுத்துட்டுப் போயிட்டார்" என்றார் பழம்பொருள் கடைக்காரர்.

பல் டாக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கொடிபோல் வளைந்த பிடியுள்ள வெள்ளித் தேநீர்க் கோப்பைகள். போன வாரம்தான் அவற்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இது முதல் தடவை இல்லை. சில வருஷங்களாகவே இதே கதைதான். கடையில் வேறு எதையும் அந்த ஆள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லையாம். டாக்டர் எந்தக் கோப்பையை ஆசையாகப் பார்த்தார் என்று மட்டும் கேட்பாராம். சொன்னதும் மறுபேச்சில்லாமல் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவாராம்.

"யாருய்யா அந்த ஆளு?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். ஆனா விலாசம் தரச் சொன்னார். நீங்க நேர்ல வந்து கேட்டா எல்லாத்தையும் தந்துடறாராம்."

"அவன் வாசல்ல போய் நான் நிக்கணுமா? வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க."

அதன் பிறகும் கடைக்காரர் அதையே சொல்லிப் பார்த்தார். டாக்டர் மசியவில்லை. தன் வயிற்றெரிச்சலைக் கண்டு ரசிக்கிற எவனோ ஒருவன் என்று முடிவே கட்டிவிட்டார். பல் பிடுங்கும்போதுகூட அந்த முகம் தெரியாத ஆள்தான் நாற்காலியில் வாய் பிளந்து கிடப்பதாகத் தோன்றும். அன்றைக்குக் கை கொஞ்சம் அழுத்தமாகவே விழும்.

மழைக்காலம் முடிந்த சமயம், கடைக்காரரே போன் செய்தார். அந்த ஆள் இறந்துவிட்டாராம். மனைவி மட்டும் இருக்கிறாராம். இப்போதாவது போய்ப் பாருங்கள் என்றார்.

சாவுச் செய்தி கேட்டுச் சந்தோஷப்படுகிறோமே என்று டாக்டருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாலையே கிளம்பிவிட்டார்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த அம்மாள் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

கண்ணாடி அலமாரியைத் தேடினார் டாக்டர். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டிதான் வந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த காகிதம்கூடப் பிரிக்காமல் கோப்பைகள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றைப் பிரித்தார். வெள்ளி கருத்துப்போயிருந்தது.

"துடைச்சு வைக்கலையாம்மா?"

"அவருக்கு வெள்ளிக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. லாரி ஓட்டினவர். ராப்பகலா ஓட்டித்தான் இதெல்லாம் வாங்கினார்."

"அப்புறம் எதுக்கு வாங்கணும்?"

அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அருமை தெரியாத கையில் போய் மாட்டிக்கொண்டதே என்று டாக்டருக்கு மனசு அடித்துக்கொண்டது. கேட்கிற விலையைத் தருவதாகச் சொன்னார். விற்பதற்கு இல்லை என்றாள். பிகு பண்ணுகிறாள் என்று நினைத்து, அதற்கு மேலும் தருவதாகச் சொன்னார்.

அவள் டீயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். பெட்டியையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"காசு வேணாம், எடுத்துட்டுப் போங்க. என்னைக் கட்டிக்கிட்டதிலேருந்து உங்க வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவே இல்ல. பேரைச் சொன்னா நீங்க வர மாட்டீங்கன்னுதான் மறைச்சார். 'கப்புக்காகவாவது அண்ணன் ஒரு நாள் இங்க வருவான் பாரு'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார், உங்க தம்பி."