கூடையை வைத்தவர்

“நான் லிஃப்ட்ல ஏறி பட்டனை அமுக்குறேன். அதுக்காக என்னை இன்ஜினியர்னு சொல்லுவியா?” என்றார் பேராசிரியர்.

ஆய்வு மாணவி பதிவை மறுபடி ஓடவிட்டாள். ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தின் திரையில் ஒரு நரி, தண்ணீருக்குள் போன கயிற்றைப் பல்லால் கவ்விப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. கூடை கரையேறியது. நரி உள்ளே மூக்கை விட்டு, நண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. விருந்துக்கு உட்கார்ந்த புது மாப்பிள்ளை மாதிரி அத்தனை நிதானம்.

நரிகளின் பின்னால் அலைந்த நான்கு வருட உழைப்பு அது. நரிக்கும் கருவியைப் பயன்படுத்தத் தெரியும் என்கிற அவளுடைய ஆய்வுக்குப் பேராசிரியர் இன்று கையெழுத்துப் போட்டால் பட்டம். இல்லையென்றால் தலைப்பை மாற்றி முதலிலிருந்து.

“தண்ணிக்குள்ள இருக்கிற கூடை அது கண்ணுக்கே தெரியாது சார். கயித்த இழுத்தா சாப்பாடு வரும்னு யோசிச்சிருக்கே. முப்பது நாள் காலையில பதிவு பண்ணியிருக்கேன்.”

“மூளை இருக்கு, யாரு இல்லேன்னா? ஆனா கருவின்னா வேற. கூடையில மீன் தலைய வச்சு, தண்ணில இறக்கி, நண்டு விழற வரைக்கும் காத்திருந்தவர்தான் கருவியப் பயன்படுத்தினவர். பட்டம் குடுக்கணும்னா அந்த நண்டுக்காரருக்குத்தான் குடுக்கணும்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“சரி, அவர்கிட்ட எழுதி வாங்கினியா? அடுத்தவர் பொருள வச்சு ஆராய்ச்சி பண்ணா உரிமையாளர் சம்மதம் வேணும். முதல்ல அதை முடி.”

அதை அவள் சுத்தமாக மறந்திருந்தாள். போன் செய்த பத்தாவது நிமிடம், ஏரியில் நண்டு பிடிப்பவர் ஈரக் காலோடு வாசலில் நின்றார்.

“வாங்கண்ணே. ஒரு மாசமா உங்க நண்டையெல்லாம் இந்த நரி திங்குது. நானும் படம் எடுத்துக்கிட்டு சும்மா இருந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

நண்டுக்காரர் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். “நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம போனா சரி. எனக்கென்னம்மா கோவம்? தினம் சாயங்காலம் படகுல போறப்ப பார்ப்பேன், கூடை தண்ணில இறங்கியிருக்கும். பொண்ணு பொறுப்பா வேலை பாக்குதுன்னு ஒதுங்கிப் போயிடுவேன்.”

“நான் எங்கண்ணே இறக்கினேன்? காலையில கேமராவ ஓட விடுறதோட சரி. அது உங்க கூடை இல்லையா?”

“என்னோடதுதான். பழசாயிடுச்சுன்னு போன மாசமே புதர்ல வீசிட்டேனே. அதை எடுத்து, மீன் தலை வச்சு, தினம் இறக்குறது நீ இல்லன்னா வேற யாரும்மா?”

மூன்று பேரும் திரும்பி, திரையில் வாயை நக்கிக்கொண்டிருந்த நரியைப் பார்த்தார்கள். பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.