பட்டன்காரியின் பை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. தையல் கம்பெனியில் காலர் தைக்கும் என் அக்கா சொன்னது. அக்கா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். கூட்டியது போலத் தெரிந்த இடங்களை விட்டுவிட்டேன்.

கம்பெனி வாசலில் காவலுக்கு ஓர் அம்மா. எல்லோருக்கும் அவர் கேட்டம்மா. காலையில் கூட்டமாக உள்ளே நுழைகிறவர்களில் ஒருத்தியை மட்டும் தினமும் நிறுத்துவார். சட்டைக்குப் பட்டன் வைக்கும் பெண் அவள். பட்டன்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"நில்லு. பையைத் திற."

அவள் ஓரமாகப் போய்த் திறந்து காட்டுவாள். கேட்டம்மா கையை விட்டுத் துழாவிவிட்டு, "ம், போ" என்பார்.

அக்காவுக்குப் பொறுக்காது. "ஏம்மா, எங்க பையெல்லாம் உங்க கண்ணுக்குப் பையாத் தெரியலையா?"

"உன் பையில என்னடி இருக்கப் போகுது? சாப்பாட்டு டப்பாவும் நாலு வீட்டு வம்பும். நகரு, பின்னாடி ஆளு நிக்குது."

பட்டன்காரியிடம் கேட்டால், "விடுக்கா, அவங்க வேலை அது" என்று தலையைக் குனிந்துகொள்வாள். போன வருஷம் இளைத்து, கறுத்து, பாதி ஆளாகிப் போனவள் அவள். இப்போதுதான் தேறி வந்தாள். வாயில்லாதவள் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்தான் என்று காலர் பகுதி பொருமிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நல்ல மழை. பையைத் துழாவிய கேட்டம்மாவின் முகம் மாறியது.

"இன்னிக்கு உன்னை உள்ள விடமாட்டேன். வீட்டுக்குப் போ."

"அம்மா, லேட்டாயிடும்மா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"ஒரு நாளும் கிடையாது, அரை நாளும் கிடையாது. போன்னா போ."

பட்டன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மழையிலேயே திரும்பிப் போனாள். அவ்வளவுதான். காலர் பகுதி மொத்தமும் மெஷினை நிறுத்திவிட்டு மேனேஜர் அறையில் போய் நின்றது. முன்னால் நின்றது அக்கா.

"திருடின்னு சொல்லாம சொல்றாங்க சார். இவங்க வாசல்ல இருந்தா நாங்க யாரும் தைக்க மாட்டோம்."

மேனேஜர் கேட்டம்மாவைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு பையை மட்டும் தினமும் பார்க்கறீங்களா?"

"ஆமா சார்."

"ஏன்?"

கேட்டம்மா சுவரைப் பார்த்தார். "சந்தேகம் சார்."

"இதுவரைக்கும் எதையாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

கேட்டம்மா கழுத்து விசிலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார், வாயே திறக்க மாட்டேங்கறாங்க" என்றாள் அக்கா.

மேனேஜருக்கும் வேறு வழி தெரியவில்லை. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா."

"சரி சார்." கேட்டம்மா கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அந்த நேரத்தில் பட்டன்காரி சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தாள். வீட்டுக்குப் போய்த் திரும்பியவளிடம் வாசலிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"அவங்களை அனுப்பாதீங்க சார்."

"நீ சும்மா இரு" என்றார் கேட்டம்மா. அதுவரை தாழ்ந்திருந்த குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"இல்லம்மா. நீங்க பட்டது போதும்."

பட்டன்காரி பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து மேஜைமேல் பிரித்தாள். மாத்திரைகள், ஒரு மருந்துக் குப்பி, ஓர் ஊசி.

"கிட்னிக்கு மேல தொப்பி வச்ச மாதிரி ரெண்டு சுரப்பி இருக்காம் சார். அட்ரினல்னு பேரு. காய்ச்சலோ, அடியோ, அதிர்ச்சியோ, எது வந்தாலும் உடம்பு தாங்கணும்னா அது சுரக்கணுமாம். எனக்கு ரெண்டுமே வேலை செய்யல. மாத்திரையிலதான் வண்டி ஓடுது. வாந்தி எடுத்து மாத்திரை தங்கலைன்னா உடனே இந்த ஊசி போடணும். இல்லேன்னா உயிருக்கே ஆபத்து."

மேனேஜர் மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தார்.

"ஒரு தடவை இதை வீட்லயே விட்டுட்டு வந்து, எல்லாரும் உள்ள போனப்புறம் வாந்தி எடுத்து வாசல்லயே சுருண்டு விழுந்தேன். இவங்கதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. நர்ஸம்மாகிட்ட இந்த ஊசி போடக் கத்துக்கிட்டதும் இவங்கதான். எங்க வீட்டுக்காரரு ஊசியைப் பார்த்தா எனக்கு முன்னாடி அவரு விழுந்துடுவாரு."

யாரோ சிரிக்கப் போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள்.

"வியாதிக்காரின்னு தெரிஞ்சா வேலை போயிடுமோன்னு பயம் சார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அப்படின்னா இது பையில இல்லாம உன்னை உள்ள விடமாட்டேன்னு அவங்க சொன்னாங்க. இன்னிக்கு மறந்துட்டேன்."

மேனேஜர் விசிலை எடுத்து, எழுந்து நின்று, கேட்டம்மாவிடம் நீட்டினார். பிறகு பட்டன்காரியைப் பார்த்தார். "வேலையெல்லாம் போகாது. முதலுதவிப் பெட்டியிலயும் இதுல ஒண்ணு வாங்கி வைப்போம். முதல்ல போய்த் தலையைத் துவட்டு."

வெளியே வந்ததும் அக்கா கேட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயும் போயும் சந்தேகம்னு எதுக்கும்மா சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? கேட்டதும் அதுதான் வாயில வந்துது. எனக்குப் பொய் சரளமா வராதுடி."

இப்போதெல்லாம் காலர் பகுதியில் யாராவது ஒருத்தி காலையில் கேட்டம்மாவுக்கு டீ வாங்கிக்கொண்டு போகிறாள். அக்காதான் அதிக நாள்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அந்த மேனேஜரிடமே போய் விசாரித்தேன். திருட்டுக்காகப் பையைச் சோதிப்பதென்றால், வேலை முடிந்து வெளியே போகும்போதுதான் சோதிப்பார்களாம். சாயங்காலத்தில் கேட்டம்மா பட்டன்காரியின் பையை ஒரு நாளும் திறக்கச் சொன்னதில்லை.