ஒரே பாறைக் கற்கள்

ஒரே பாறையில் பிளந்த இரண்டு கற்களில் ஒன்று முச்சந்தியில் தலைவர் சிலையானது. மற்றது எதிரே டீக்கடை வாசலில் ஆட்கள் உட்காரும் கல்லானது.

கல்லுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தன்மேல் வெற்றிலை துப்பினால் கேட்க நாதியில்லை. சிலைமேல் சாணி எறிந்தவனுக்கோ, அவமதிப்புச் சட்டப்படி மூன்று வருஷம் சிறை. அதோடு சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு வைத்துப் பூட்டியும் விட்டார்கள்.

“உனக்கென்னடா, காக்கா எச்சம் போட்டாக்கூட கேஸு போடுவாங்க! நானும் அதே பாறைதானே?” என்று தினமும் பொருமியது கல்.



மூன்று வருஷம் கழித்து, சாணி எறிந்தவன் விடுதலையாகி வந்து, கல்மேல் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்தான்.

கம்பிகளின் வழியே அவனையே வெறித்துப் பார்த்த சிலை, கல்லிடம் மெல்லக் கேட்டது: “ஏண்டா, எனக்கு எத்தனை வருஷம்னு யாராவது சொன்னாங்களா?”