டோரீன் வீட்டு பாய்லர்

"ரெண்டு குளிர்காலமா தொண்டை கிழியச் சொன்னேன். இன்னிக்குத்தான் உங்க காது திறந்துதா?"

கதவைத் திறந்த டோரீன் வழிவிடாமல் நின்றுகொண்டே கேட்டாள். வாசலில் வீட்டுச் சொந்தக்காரர் ராய்ஸ்டன். அவருக்குப் பின்னால் கருவிப்பையுடன் பாய்லர் ரிப்பேர்காரன் நெவில்.

ஹாலிஃபாக்ஸில் பேருந்து ஓட்டுகிறவள் டோரீன். விடியற்காலையில் வண்டி எடுக்க வேண்டியவளுக்குத் தூக்கம் என்பதையே மறக்கடித்திருந்தது அந்தச் சமையலறை பாய்லர். வீட்டைச் சூடாக்க அதைப் போட்டால் ராட்சதக் கெட்டில் கொதிப்பதுபோல் உறுமும். கொஞ்ச நேரத்தில் குழாய்களெல்லாம் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் அதிரும். அணைத்துவிட்டாலோ, வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ராய்ஸ்டனுக்குப் போன் செய்தால், பழைய வீடென்றால் அப்படித்தான் இருக்கும் என்பார். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்ளும்படி ஒருமுறை யோசனையும் சொன்னார்.

இன்று ஆளோடு வந்த காரணம் உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டை விற்கப்போகிறார். மதியம் ஒரு தம்பதி பார்க்க வருகிறார்கள்.

"அப்ப நான்?"

"வித்ததும் ரெண்டு மாசம் டைம் இருக்கு, டோரீன். எல்லாம் சட்டப்படிதான்."

கல்யாணமாகி வந்து இறங்கிய வீடு. கணவனை அடக்கம் செய்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்ததும் இதே வீட்டுக்குத்தான். சுவருக்கு வண்ணம் அடித்தது, சாய்ந்த வேலியை நிமிர்த்தியது, எல்லாம் அவள். சட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை போலிருக்கிறது.

நெவில் வேலையில் இறங்கினான். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் அடைபட்டிருந்த காற்றை வெளியேற்றினான். பாய்லரைத் திறந்து, உள்ளே படிந்திருந்த சுண்ணாம்பை மருந்து ஊற்றிக் கரைத்தான். பம்பின் வேகத்தைக் குறைத்தான். பிறகு பாய்லரைப் போட்டபோது, ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

டோரீனுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது.

"அரை நாள் வேலை. இதுக்கா என்னை ரெண்டு வருஷம் சாகடிச்சீங்க? வீடு வாங்க வர்றவங்கன்னா ஆள் ஓடி வருது. வாடகை கொடுக்கிறவ மனுஷி இல்லையா?"

வருகிறவர்கள் முன்னால் இப்படியெல்லாம் பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னார் ராய்ஸ்டன்.

அவள் நெவில் பக்கம் திரும்பினாள். "உனக்கும்தான் சொல்றேன் தம்பி. என்னைத் துரத்துறதுக்கு ரொம்ப நல்லா வேலை செஞ்சு கொடுத்திருக்க."

அவன் முகம் சிவந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும் என்று ராய்ஸ்டனிடம் சொல்லிவிட்டுச் சமையலறையிலேயே தங்கிவிட்டான்.

தம்பதி வந்தார்கள். மனைவிக்கு முன்னறையின் அகல ஜன்னல் பிடித்துப்போனது. டோரீன் கையைக் கட்டிக்கொண்டு சோபாவை விட்டு அசையாமல் இருந்தாள். கணவன் மாடியெல்லாம் பார்த்துவிட்டு வந்து, குளிருக்கு வீடு எப்படி என்று விசாரித்தான். ராய்ஸ்டன் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போதே சமையலறையிலிருந்து உறுமல் கிளம்பியது. அது ஏறிக்கொண்டே போய், குழாய்கள் தடதடக்க, சுவரில் மாட்டியிருந்த படம் கோணலானது. டோரீனே அதுவரை கேட்டிராத சத்தம்.

ராய்ஸ்டன் ஓடினார். தம்பதியும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தார்கள். நெவில் கையை விரித்தான்.

"மொத்தமா மாத்தணும் சார். குழாயெல்லாம் சுவத்துக்குள்ள போகுது. வீட்டையே உடைக்க வேண்டியிருக்கும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டே தம்பதி காரில் ஏறிவிட்டார்கள்.

"இதை எவனும் வாங்கமாட்டான். நீயே கிடந்து அனுபவி," என்று டோரீனிடம் சீறிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார் ராய்ஸ்டன்.

டோரீன் விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். வீடு தப்பியது, சரி. ஆனால் இந்தச் சனியனோடு மறுபடியும் எத்தனை காலம்?

"இதுக்குப் பேரு ரிப்பேரா? போற வீட்டுலயெல்லாம் இப்படித்தான் வேலை பாப்பியா?" என்று அந்த இரைச்சலையும் மீறிக் கேட்டாள்.

ராய்ஸ்டனின் கார் தெருமுனை திரும்பும்வரை நெவில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, பாய்லருக்குக் கீழே தான் மூடி வைத்திருந்த வால்வைத் திறந்துவிட்டான். சத்தம் அப்படியே அடங்கியது.

"எங்கம்மா குடியிருந்த வீட்டை வித்தப்போ எனக்கு இந்த யோசனை வரலக்கா," என்றான்.